நிற்கும் கயிறுகள்: பாய்மரத்தைத் தாங்குவது யார்?

1

1898 ஜூன் 20. வட அட்லாண்டிக்கில், கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தில், 36 அடி 9 அங்குல நீளமுள்ள ஒரு மரப்படகு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது. படகில் ஒரே ஒரு ஆள். பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பும்போது அவருக்கு வயது 51. இப்போது பூமியைச் சுற்றி முடிக்கப்போகிறார். தனி ஆளாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று வரலாறு அவரைக் குறித்துவைத்திருக்கிறது.

அன்று சூறைக்காற்று. பாயை இறக்கலாமா என்று அவர் யோசிக்கிற நேரத்தில், பாய்மரத்தின் உச்சியிலிருந்து முன்பக்கம் வரும் கயிறு மேல்முனையில் அறுந்துவிட்டது. அதில் கட்டியிருந்த முன்பாயும் சேர்ந்து கடலில் விழுந்தது. ஒரு கணத்துக்கு முன் காற்றில் புடைத்து நின்ற பாய் இருந்த இடத்தில் இப்போது வெறும் வெளி. பாயை எப்படியோ வாரி உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறார். பாய்மரம் நாணல் மாதிரி ஆடுகிறது. அதில் ஏறுவது எளிதான காரியமில்லை. கடைசியில், படகில் உபரியாக இருந்த கப்பிகளையும் கயிற்றையும் எடுத்து, கப்பிக் கயிறு போட்டு முன்கயிற்றை உச்சியிலிருந்து மறுபடி இழுத்துக் கட்டுகிறார்.  ஒரு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, 46,000 மைல் கடந்த படகு நியூபோர்ட் வந்து சேர்கிறது.

1900இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 'தனியாக' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஸ்லோக்கமின் தைரியத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் பாய்மரம் தனியாக நிற்பதில்லை என்பது அன்றைக்கு அவருக்கே தெரிந்துபோனது. இந்தக் கட்டுரை பாய்மரத்தைப் பற்றியதல்ல. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறுகளைப் பற்றியது. அந்தக் கயிறுகளை முறுக்கியவர்களைப் பற்றியது.

2

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். இலக்கியக்காரர்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பொருளின் இயக்கம் புரியாமல் அதன் அரசியலைப் பேசுகிற பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது.

ஐரோப்பியப் பாய்க்கப்பலில் கயிறுகள் இரண்டு சாதி. ஒன்று ஓடும் கயிறு. பாயை ஏற்ற, இறக்க, காற்றுக்கு ஏற்பத் திருப்ப என்று மாலுமி எப்போதும் கையில் வைத்திருப்பது. நம் கடற்கரையில் ஆஞ்சான், தாமான் என்று சொல்வதெல்லாம் இந்த வகை. இன்னொன்று நிற்கும் கயிறு. ஒருதரம் இழுத்துக் கட்டினால் பயணம் முழுக்க அப்படியே இருக்கவேண்டியது. பாய்மர உச்சியிலிருந்து அணியத்துக்கு வருவது முன்கயிறு. பின்பக்கம் போவது பின்கயிறு. இரண்டு பக்கமும் படகின் விளிம்புக்கு இறங்குபவை பக்கக் கயிறுகள், ஆங்கிலத்தில் ஷ்ரௌட். அந்தச் சொல்லுக்குப் பிணத்தின் மேல் போர்த்துகிற துணி என்றும் பொருள் உண்டு.

இவை செய்கிற வேலை வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. காற்று வலது பக்கத்திலிருந்து அடித்தால் வலது பக்கக் கயிறு விறைத்துக்கொள்ளும். இடது பக்கக் கயிறு தொய்ந்து தொங்கும். படகைத் திருப்பினால் தொங்கிக்கொண்டிருந்தது சுமக்கும், சுமந்தது ஓய்வெடுக்கும். தொய்வாக இருக்கிறதே, இது வீண் கயிறு என்று ஒருத்தன் அறுத்துவிட்டால் அடுத்த திருப்பத்தில் பாய்மரம் தண்ணீரில் கிடக்கும்.

இன்னொரு கணக்கு. கயிறு மேலிருந்து கீழே வருகிற கோணம் முக்கியம். பாய்மரத்தோடு 10 டிகிரி கோணத்தில் ஒரு கயிறு இறங்குகிறது என்று வையுங்கள். உச்சியில் காற்றின் பக்கவாட்டு இழுப்பு 100 கிலோ என்றால் கயிற்றில் ஏறும் இழுவிசை கிட்டத்தட்ட 575 கிலோ. கோணத்தை 20 டிகிரி ஆக்கினால் அது 290 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் பாய்மரத்தின் நடுவில் குறுக்குக் கைகளை வைத்துக் கயிற்றை வெளியே தள்ளி இறக்குகிறார்கள். கயிறு பக்கவாட்டில் மட்டும் பிடிப்பதில்லை. பாய்மரத்தைக் கீழ்நோக்கியும் அமுக்குகிறது. முதல் கணக்கில் இந்த அமுக்கமும் 560 கிலோவுக்கு மேல். அதை வாங்கிக்கொள்வது அடியிலுள்ள ஏராக்கட்டை. நிமிர்ந்து நிற்கிற மரத்துக்குள் நசுக்குகிற விசையும், மெலிந்த கயிற்றுக்குள் கிழிக்கிற விசையும் எப்போதும் இருந்துகொண்டிருக்கின்றன. அசையாமல் இருப்பது என்பது இங்கே ஓய்வு அல்ல. இரண்டு எதிர் விசைகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கிற நிலைமை அது.

இந்த 'நிற்பது / ஓடுவது' என்கிற எதிர்வு உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற ஒன்றல்ல. அரபுக் கலங்களில், முக்கோணப் பாய் கட்டிய பல இந்துமாக்கடல் கலங்களில், பக்கக் கயிறுகளைக் கப்பி போட்டுக் காற்று வருகிற பக்கத்தில் இழுத்துக் கட்டுவார்கள். பாயை மறுபக்கம் மாற்றும்போது கயிற்றையும் அவிழ்த்து அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். பாயை ஏற்றுகிற கயிறே பின்னால் இழுத்துக் கட்டப்பட்டுப் பின்கயிறாகவும் ஆகிவிடும். அங்கே நிற்கிற கயிறுதான் ஓடுகிற கயிறும். தாங்குகிறவர் வேறு, இயக்குகிறவர் வேறு என்கிற பிரிவினையைக் கடலோ காற்றோ விதிக்கவில்லை. அது ஒருவிதக் கப்பல் அமைப்பின், ஒருவித வேலைப் பிரிவினையின் விளைவு. 'கட்டமரன்' என்று நம் கட்டுமரத்தின் பெயரையும், 'காயர்' என்று நம் பக்கத்துக் கயிற்றின் பெயரையும் எடுத்துக்கொண்ட ஆங்கிலம், இந்த வேறொரு கட்டும் முறையைப் பிற்பட்ட ஒன்றாகத்தான் பார்த்தது.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிற்கும் கயிறு என்றால் சணல். நம்மூர்ச் சணல் அல்ல; ஹெம்ப் என்கிற கஞ்சா இனச் செடியின் நார். பிரிட்டிஷ் கடற்படைக்கு வேண்டிய சணலில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து, ரீகா, பீட்டர்ஸ்பர்க் துறைமுகங்கள் வழியாக வந்தது. விதைத்து, பிடுங்கி, நீரில் ஊறவைத்து, அழுகிய தண்டிலிருந்து நாரைப் பிரித்தவர்கள் ரஷ்யாவின் பண்ணை அடிமைகளும் ஏழை விவசாயிகளும். அங்கே பண்ணை அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861இல்தான். 'கடல்களை ஆள்கிறோம்' என்று பெருமைப்பட்ட ஒரு சாம்ராஜ்யம் கடலையே பார்த்திராத ரஷ்யக் குடியானவனின் நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. 1807இல் டில்சிட் உடன்படிக்கை மூலம் ரஷ்யா நெப்போலியன் பக்கம் போனபோது லண்டன் பதறியதற்குக் காரணங்களில் சணலும் ஒன்று.

வந்த நாரை முறுக்கும் இடம் கயிற்றுச்சாலை. இங்கிலாந்தின் சாத்தம் கப்பல்துறையில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கயிற்றுச்சாலை 1,135 அடி நீளம். கயிறு எவ்வளவு நீளம் வேண்டுமோ அதைவிடக் கட்டடம் நீளமாக இருக்கவேண்டும். தொழிலாளி இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்து நடந்து இழை நூற்பான். முன்னேற்றத்தின் சரித்திரம் இப்படிப் பின்னோக்கி நடந்தவர்களின் கால்களால் நூற்கப்பட்டது. முறுக்கிய கயிற்றைப் பைன் மரத் தாரில் தோய்ப்பார்கள். இல்லாவிட்டால் மழையில் அழுகிப்போகும்.

இந்த அரசாங்கக் கயிறுகளின் உள்ளே வேறு நிறத்தில் ஓர் இழையை விட்டு முறுக்குவது வழக்கம். எந்தத் துண்டை வெட்டினாலும் அந்த இழை தெரியும். திருடிக்கொண்டுபோய் விற்க முடியாது. அதற்கு ஆங்கிலத்தில் 'போக்கிரியின் இழை' என்று பெயர். 1809இல் வந்த கதே நாவல் ஒன்றில் இந்த வழக்கம் உவமையாக வருகிறது. அவர் அதைச் சிவப்பு இழை என்கிறார். படைப்பு முழுவதையும் ஊடுருவிச் செல்கிற ஒரு சரடைக் குறிக்க ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'சிவப்பு நூல்' என்கிறார்கள். இலக்கிய விமரிசனத்தில் நாம் 'உள்ளிழை', 'அடிச்சரடு' என்றெல்லாம் அழகாகப் பேசுகிறோம். அந்த உருவகத்தின் பிறப்பிடம் தொழிலாளியைத் திருடன் என்று முன்கூட்டியே தீர்மானித்த ஓர் ஆலை. முறுக்கியவன் கையாலேயே அவனுக்கு எதிரான சாட்சியையும் சேர்த்து முறுக்கவைத்திருக்கிறார்கள்.

கயிறு செத்தபிறகும் விடவில்லை. பழைய கயிற்றைத் துண்டு போட்டு, விரலால் பிய்த்துப் பிய்த்துச் சிலும்பாக்கி, பலகை இடுக்குகளில் அடைப்பார்கள். ஓக்கம் என்று பெயர். தார் ஏறி இறுகிய கயிற்றை நகத்தால் பிரிக்கிற இந்த வேலை சிறைக்கைதிகளுக்கும், 1834 ஏழைச் சட்டத்தின் கீழ் ஏழைவிடுதிகளில் அடைக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. கிழவிகள், அநாதைப் பிள்ளைகள் எல்லாருடைய விரல்களும் இதில் தேய்ந்திருக்கின்றன. 1895 மே மாதம் தண்டனை பெற்றுச் சிறை சென்ற ஆஸ்கார் வைல்டும் ஓக்கம் பிய்த்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்லோக்கம் பாஸ்டனை விட்டுக் கிளம்பியிருந்தார். ஸ்ப்ரே என்கிற அந்தப் படகின் பலகை இடுக்குகளில் இருந்ததும் பருத்தி இழையும் ஓக்கமும்தான். யாருடைய விரல் பிய்த்தது என்று எந்தப் பிரதியிலும் இல்லை.

4

கம்பிக் கயிறு கடலில் பிறக்கவில்லை. சுரங்கத்தில் பிறந்தது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் கிளவுஸ்தால் வெள்ளிச் சுரங்கங்கள். தாதுவை மேலே இழுக்க அங்கே சணல் கயிறும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. சணல் ஈரத்தில் அழுகும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் போச்சு. அதுவும் எச்சரிக்கை எதுவும் தராமல். சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் இரும்புக் கம்பிகளைக் கயிறு மாதிரி முறுக்கிப் பார்த்தார். மூன்று புரி, ஒவ்வொரு புரியிலும் நான்கு கம்பி. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு சொல்லிவிடும். பலரின் பலத்தைவிட, பலரில் ஒருவர் விழும்போது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். ஆல்பர்ட் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

இங்கிலாந்தில் வாங்கினார்கள். 1835இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் கப்பலின் நிற்கும் கயிறுகளுக்காகவே கம்பிக் கயிற்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1840இல் நியூவெல் என்பவர் இயந்திரத்தில் முறுக்குவதற்குப் பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் கப்பல்களில் சணல் இறங்கியது, இரும்பு ஏறியது. இடைக்காலத்தில் ஒரு கலப்பு நிலைமை இருந்தது. மேலே இரும்புக் கம்பி. கீழே கட்டுகிற இடத்தில் பழையபடி மூன்று துளையிட்ட உருண்டை மரக்கட்டைகள் இரண்டு, அவற்றுக்கிடையே கோத்து இழுத்த சணல் கயிறு. மூன்று துளையும் சேர்ந்து மண்டையோடு மாதிரித் தெரிவதால் மாலுமிகள் அந்தக் கட்டையைச் 'செத்த கண்' என்றார்கள். பார்க்க அபசகுனம், ஆனால் வேலைக்காரனுக்கு நல்ல நண்பன். கயிறு தளர்ந்தால் அவனே இழுத்துக் கட்டலாம். அறுந்தால் அவனே புதிதாகக் கோக்கலாம். வேறு யாரையும் எதிர்பார்க்கவேண்டாம். பிறகு திருகுமறை வைத்த இரும்பு டர்ன்பக்கிள் வந்து அந்தக் கண்ணை மூடியது.

ஸ்லோக்கமை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பெரிய பாய்க்கப்பல்களின் தலைவராக இருந்தவர். நீராவி வந்ததும் அவர் தொழில் போனது. 1892இல் ஒரு நண்பர் கொடுத்த, வயல்வெளியில் மட்கிக் கிடந்த படகை 13 மாத உழைப்பிலும் 553 டாலர் 62 சென்ட் செலவிலும் தானே புதுப்பித்தார். வேலையில்லாமல் போன ஒரு கைத்தொழிலாளியின் பிடிவாதம் அது. அந்த வகையில் அவர் நம்மவர். ஆனால் மகெல்லன் நீரிணையில் பூர்வகுடிகள் ஏறிவிடுவார்களென்று படகின் தளமெல்லாம் ஆணிகளைக் கொட்டிவிட்டுத் தூங்கியவரும் அவர்தான். அவர்களுடைய வெறுங்காலில் குத்துவதை ஒரு வேடிக்கைக் கதையாகவும் எழுதியிருக்கிறார். 'தனியாக' என்ற சொல்லைக் காப்பாற்ற, சுற்றியிருந்த மனிதர்களை அப்புறப்படுத்தவேண்டியிருந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையான வாசிப்பு ஆகாது.

5

மூன்றாவது கட்டம் துருப்பிடிக்காத எஃகு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் தேய்மானத்தை ஆராயும்போது கிடைத்த உலோகம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சின்னப் பாய்ப்படகுகளில் இது பரவியது. கூடவே கண்ணாடியிழைப் படகுகள். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் என்கிற ஒன்றுவிட்ட சகோதரர்கள் காட்டிய 28 அடி 'டிரைட்டன்' அந்த வரிசையில் முன்னோடி. அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் விற்றார்கள். கடல் நடுத்தர வர்க்கத்தின் வார இறுதிக்கு வந்து சேர்ந்தது. அந்தப் படகுகளுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. குறைந்த விலைக்குக் கிடைக்கிற அவற்றை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிற இளைஞர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கற்கவேண்டியது நிற்கும் கயிறை வாசிக்கத்தான்.

ஏனென்றால் இந்த எஃகு பொய் சொல்லும். சணல் அழுகினால் நிறம் மாறும், நாற்றம் வரும், தொட்டால் உதிரும். இரும்புக் கம்பி துருப்பிடித்துக் காட்டும். துருப்பிடிக்காத எஃகோ கடைசி நாள்வரை பளபளவென்று இருக்கும். அது பளபளப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனால் மேலே படிகிற மெல்லிய படலத்தால்தான். காற்றுப் போகாத, உப்புநீர் தேங்குகிற இடுக்கில் அந்தப் படலம் குலைந்து உலோகம் உள்ளுக்குள் அரிக்கப்படும். அப்படிப்பட்ட இடுக்குகள் இரண்டு. ஒன்று, கம்பியின் முனையை ஒரு குழாய்க்குள் நுழைத்து இயந்திரத்தில் நசுக்கிப் பிடிக்கவைத்த இடம். விமானத் தொழிலிலிருந்து வந்த முறை இது. கீழ்முனையில் அந்தக் குழாய் கிண்ணம் மாதிரி மேல்நோக்கித் திறந்திருப்பதால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். இன்னொன்று, கயிறு பற்றுகிற உலோகப் பட்டை மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடம். மேலே நின்று பார்த்தால் பட்டை மின்னும். தளத்தின் கனத்துக்குள், கண் எட்டாத அந்த ஓர் அங்குலத்தில் பாதி காணாமல் போயிருக்கும்.

ஆகவே அனுபவசாலிகள் சொல்வது: கயிற்றின் நடுவைப் பார்க்காதே, முனையைப் பார். துணியால் துடைத்துக்கொண்டே போ. ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். குழாயில் மயிரிழை விரிசல் உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார். பட்டையைக் கழற்றி வெளியே எடுத்துப் பார். டிரைட்டன் மாதிரிப் பாய்மரம் மேல்தளத்தின் மேலேயே நிற்கிற படகானால், கீழே போய் அதைத் தாங்குகிற உத்தரத்தைப் பார். கயிறு தளர்கிறதே என்று முறுக்கிக்கொண்டே போவார்கள். உண்மையில் உத்தரம் மட்கித் தளம் அமுங்கிக்கொண்டிருக்கும். முறுக்க முறுக்க இன்னும் அமுங்கும். பத்துப் பதினைந்து வருஷமானால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கயிற்றை மாற்றிவிடு.

ஆல்பர்ட் கம்பிக் கயிற்றைச் செய்ததே எச்சரிக்கை தராமல் அறுகிற சங்கிலிக்கு மாற்றாக. அதன் ஆகச் சிறந்த வாரிசு, எச்சரிக்கை தராமல் அறுகிற குணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இதைத் தொழில்நுட்பத்தின் விதி என்று சொல்லிவிடமுடியாது. நசுக்கிப் பிடிக்கிற இயந்திரம் பட்டறையில் இருக்கிறது, படகுக்காரனிடம் இல்லை. அதே எஃகுக் கம்பிக்கு இரண்டு ஸ்பானர் கொண்டு கையாலேயே மாட்டுகிற, பிரித்துப் பார்க்கிற முனைகளும் உண்டு. பிரித்துப் பார்க்கமுடிவதும் முடியாததும் உலோகத்தின் குணமல்ல. யாரோ எடுத்த முடிவு.

6

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் புயலில் சிக்கிய நாவாய் ஒன்றைக் காட்டுகிறார். கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்கு உவமையாக வருவது. அந்த உவமையில் சேதம் நடக்கிற வரிசையைக் கவனித்தீர்களென்றால், முதலில் இறுகக் கட்டிய கயிறு அறுகிறது. பிறகு பாய் சிதைகிறது. அதன் பிறகுதான் கூம்பு அடியோடு முறிகிறது. எம்.ஏ. படிக்கும்போது இதை உவமையணி என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கூம்பு முறிந்ததைத்தான் எல்லாரும் அழுத்திச் சொன்னோம். கயிறு முதலில் வருகிறது என்பதை நானும் பார்க்கவில்லை, வகுப்பில் யாரும் கேட்கவுமில்லை. கரையிலோ கலத்திலோ நின்று பார்த்தவர் யாரோ சொல்லிய வரிசையாகத்தான் அது இருக்கவேண்டும்.

இயக்கங்களிலும் பத்திரிகைகளிலும் நமக்குக் கூம்பின் பெயர் தெரியும். யார் முறிந்தார், எப்போது முறிந்தார் என்று சிறப்பிதழ் போடுவோம். கணக்கு எழுதியவர், இரவில் போஸ்டர் ஒட்டியவர், இதழை மடித்துத் தைத்துத் தபாலில் சேர்த்தவர், சோறு போட்ட வீட்டுப் பெண்கள் — இவர்களில் எந்த முனை எப்போது விட்டது என்று நம்மிடம் குறிப்பு இல்லை. தளர்கிறபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் முறுக்கினோம். அடியில் உத்தரம் இருக்கிறதா என்று கீழே இறங்கிப் பார்த்தோமா?

ஸ்லோக்கம் இன்னொரு முறை அதே படகில் கிளம்பிப்போனார். திரும்பவில்லை. என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. முன்கயிறு அறுந்த அந்த ஜூன் நாளில் அவர் செய்தது மட்டும் தெளிவாக இருக்கிறது. அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. படகில் எந்தக் கயிறு மிச்சம் என்று பார்த்தார்.